கடன் தீர்ந்தது, பத்திரம் திரும்பியதா?

அண்ணல் நபி (ஸல்) அவர்களின் திருமுன் ஒரு ஜனாஸா கொண்டுவரப்பட்டது. இறந்தவருக்குக் கடன் ஏதும் உண்டா என்று அவர்கள் வினவினார்கள். உண்டு என்றனர் தோழர்கள். அதை அடைக்க அவர் எதுவும் விட்டுச் செல்லவில்லை என்பதை அறிந்ததும், நீங்களே தொழுதுகொள்ளுங்கள் என்று கூறி விலகி நின்றார்கள். அபூ கதாதா (ரலி) அவர்கள் முன்வந்து, அக்கடனைத் தாம் ஏற்பதாக உறுதி கூறிய பின்னரே தொழுகையை நடத்தினார்கள்.

அன்று இருந்த கடன் சில தீனார்களே. இன்று 20 ஆண்டுத் தவணையில் வீட்டுக் கடன் பெற்று, அதன் விவரத்தை இல்லத்தாரிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் இருக்கும் நம் நிலை என்ன? சற்றே சிந்தித்துப் பாருங்கள்.

வட்டி ஹராம் என்பதில் நமக்கு ஐயமில்லை. சேமிப்பைக் கொண்டோ, உறவினர் மனமுவந்து தரும் அழகிய கடனைக் கொண்டோ வீடு கட்ட இயன்றவர் அவ்வழியே செல்லட்டும். ஏற்கெனவே வட்டிக் கடனில் கட்டுண்டவர் விரைந்து விடுபடும் வழியை நாடட்டும். அதற்கு, கடனின் கணக்கை அறிவது முதற்படியாகும்.

எடுத்துக்காட்டாக, 20 லட்சம் ரூபாயை 8.5 விழுக்காடு வட்டியில் 20 ஆண்டுகளுக்குப் பெற்றால் மாதத் தவணை ஏறத்தாழ 17,356 ரூபாய். முதல் மாதம் அதில் 14,167 ரூபாய் வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது 3,189 ரூபாய் மட்டுமே. 240 தவணைகளையும் செலுத்தி முடிக்கையில், வாங்கியதைப் போல் இருமடங்குக்கும் மேலாகக் கொடுத்திருப்பீர்கள். எனவே தொடக்க ஆண்டுகளில் கையில் கிடைக்கும் தொகையை அசலில் செலுத்துவதே பெரும் பயன் தரும். மாறும் வட்டியில் தனிநபர் பெற்ற வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைப்பதற்கு வங்கிகள் அபராதம் வாங்கக் கூடாதென ரிசர்வ் வங்கி 2012ஆம் ஆண்டிலேயே தடை விதித்துள்ளது. இதை அறியாமல் அஞ்சி நிற்போர் பலர்.

மற்றொன்றையும் கவனியுங்கள். 2022 மே மாதத் தொடக்கத்தில் 4 விழுக்காடாக இருந்த ரெப்போ விகிதம், 2023 பிப்ரவரியில் 6.5 விழுக்காடாயிற்று. மாதத் தவணை உயரவில்லையே என்று அப்போது நிம்மதியுற்றோர் பலர். ஆனால் தவணைகளின் எண்ணிக்கை ஓசையின்றிப் பெருகியது! 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி வகுத்த நெறிமுறைப்படி, இதுவரை வசூலான அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, மீதித் தவணைகள் எத்தனை என்ற விவரத்தைக் கடன் தந்தோர் காலாண்டுதோறும் தர வேண்டும். அதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

கடைசித் தவணை செலுத்தியதும் கடமை முடிந்துவிட்டதா? இல்லை. அடமானமாக ஒப்படைத்த மூலப் பத்திரங்கள் கைக்கு வர வேண்டும். கடன் முழுதும் தீர்ந்த 30 நாட்களுக்குள் அசல் ஆவணங்கள் அனைத்தையும் திருப்பித் தந்து, சொத்தின் மீது பதிவான பொறுப்பையும் நீக்க வேண்டும் என்பது 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதி. கடன் தந்தோரின் பிழையால் தாமதமானால், ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய் இழப்பீடு உண்டு. அடமானம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகியிருந்தால், கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணத்தையும் அங்கே பதிவு செய்யுங்கள். பின்னர் வில்லங்கச் சான்றிதழ் எடுத்துச் சரிபாருங்கள். இதைச் செய்யாது விட்டால், பிற்காலத்தில் வீட்டை விற்கவோ பிரிக்கவோ முனையும் மக்களுக்குத் தீர்ந்த கடனும் தீராத தொல்லையாகிவிடும்.

கடன் தீருமுன் குடும்பத் தலைவர் கண் மூடிவிட்டால்? வஸிய்யத்தும் கடனும் நிறைவேறிய பின்னரே சொத்தில் வாரிசுகளுக்குப் பங்கு என்பது அந்நிஸா அத்தியாயம் காட்டும் நெறி. இறந்தவர் விட்டுச் சென்ற சொத்தின் அளவுக்கே வாரிசுகள் பொறுப்பாவர். ஆனால், இணைக் கடன்தாரராகவோ பிணையாளராகவோ கையொப்பமிட்டவர் முழுக் கடனுக்கும் பொறுப்பாளி. "இங்கே கையெழுத்துப் போடு" என்று கணவர் சொன்னதும் பேனாவை எடுத்த மனைவி, தாம் எதற்குக் கட்டுப்பட்டோம் என்பதை அறிந்திருக்க வேண்டாமா? கடனோடு சேர்த்துக் காப்பீடு எடுக்கப்பட்டிருக்குமானால், அதுவும் இல்லத்தாருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கடன்தாரர் இறந்தால் ஆவணங்களைச் சட்டப்படியான வாரிசுகளிடம் ஒப்படைக்கும் முறையைக் கடன் தருவோர் வகுத்து வைத்திருக்க வேண்டும் என்பதும் மேற்சொன்ன விதியில் அடங்கும். ஆயினும், எந்த வங்கி, எந்தக் கணக்கு என்றே அறியாத விதவை யாரிடம் சென்று கேட்பார்?

திருமறையின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது தெரியுமா? கடனை எழுதி வைத்துக்கொள்வதைப் பற்றியது! அல்பகறா அத்தியாயத்தில் உள்ள அவ்வசனத்தை ஓதுகிறோம், பொருளை மறந்துவிடுகிறோம்.

ஆகவே சகோதரர்களே, சகோதரிகளே! இன்று ஜும்ஆ முடிந்து வீடு திரும்பியதும் ஒரு தாளை எடுங்கள். கடன் தந்தவர் யார், கணக்கு எண் என்ன, மீதி எவ்வளவு, ஒப்படைத்த பத்திரங்கள் எவை, காப்பீடு உண்டா, கைமாற்றாக யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என எல்லாவற்றையும் எழுதுங்கள். மனைவி மக்களை அருகில் அமர்த்திப் படித்துக் காட்டுங்கள். அவர்கள் அறிந்த இடத்தில் அதை வையுங்கள். வீட்டை விட்டுச் செல்லும் தந்தை, அதன் கணக்கையும் விட்டுச் செல்வதே முறை.

கடன் சுமையின்றித் தன்னைச் சந்திக்கும் பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.