ஹனோயின் குரல்: அன்றும் இன்றும்

1980 ஜனவரியில் வியட்நாம், லாவோஸ், கம்போடியா ஆகிய மூன்று நாடுகளின் வெளியுறவு அமைச்சர்கள் கம்போடியத் தலைநகர் நோம் பென்னில் கூடினார்கள். அதன்பின் சில ஆண்டுகள் இந்த இந்தோசீன மாநாடு ஆறு மாதத்துக்கு ஒருமுறை, மூன்று நாடுகளிலும் மாறி மாறி நடந்தது. ஒவ்வொரு மாநாட்டுக்கும் முன்னால் வியட்நாமின் தலைநகரான ஹனோய் என்ன சொல்லப் போகிறது என்பதை ஊகிக்க யாருக்கும் சிரமம் இருக்கவில்லை. கம்போடியாவில் ஏற்பட்ட ஆட்சி மாற்றம் திரும்பப் பெற முடியாதது. அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. மூன்று நாடுகளும் ஒரே குரலில் அதைச் சொல்லின. அந்த முதல் கூட்டத்தின்போது கம்போடியாவின் வெளியுறவு அமைச்சருக்கு வயது 27. அவர் பெயர் ஹுன் சென்.

எதிர்ப்பக்கத்தில் தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியான் இருந்தது. 1967 ஆகஸ்ட் 8 அன்று பாங்காக்கில் ஐந்து நாடுகள் அதைத் தொடங்கியபோது, வடவியட்நாமுக்கு அது நட்பு அமைப்பாகத் தெரியக் காரணமே இல்லை. ஐந்தில் ஒன்றான தாய்லாந்தின் விமானதளங்களிலிருந்து புறப்பட்ட அமெரிக்க விமானங்கள் அதே ஆண்டில் வியட்நாமில் குண்டு வீசிக்கொண்டிருந்தன. பாங்காக் பிரகடனத்தில் கையெழுத்திட்ட ஐவரில் ஒருவர் வட்டுக்கோட்டையில் பிறந்து சிரம்பானில் வளர்ந்த எஸ். ராஜரத்தினம், சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சர். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து ஹனோயின் மிகக் கூர்மையான விமர்சகராக நின்றவரும் அவரே. 1978 டிசம்பர் 25 அன்று கம்போடியாவுக்குள் நுழைந்த வியட்நாம் படை, 1979 ஜனவரி 7 அன்று தலைநகரைப் பிடித்தது. அந்நியப் படை அமைத்துக் கொடுத்த அரசை ஏற்றால் நாளை எந்தச் சிறு நாட்டுக்கும் பாதுகாப்பில்லை என்பது அவர் வாதத்தின் சாரம். சிங்கப்பூரின் அளவை நினைத்தால் அந்த அச்சம் புரியும்.

ஹனோயின் வாதத்திலும் உண்மை இருந்தது. கம்போடியாவை அதுவரை ஆண்ட போல் பாட் ஆட்சியில் கொல்லப்பட்டும் பட்டினியிலும் நோயிலும் மாண்டவர்கள் சுமார் 17 லட்சம் பேர். அந்த ஆட்சியை வீழ்த்தியது வியட்நாம் படைதான். ஆனாலும் 1979 நவம்பரில் அந்நியப் படைகள் வெளியேற வேண்டும் என்ற ஆசியான் தீர்மானம் ஐ.நா. பொதுச்சபையில் 91 வாக்குகள் பெற்று நிறைவேறியது. எதிர்த்தவை 21 மட்டுமே. விரட்டப்பட்ட கொலைகார ஆட்சியின் பிரதிநிதியே ஐ.நா. இருக்கையில் தொடர்ந்து அமர்ந்திருந்தார். அந்தப் பத்தாண்டின் மிகப் பெரிய அவமானங்களில் ஒன்றாக இதை நான் கருதுகிறேன். ஹனோய் தன் நிலைப்பாட்டை ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் நின்றதற்கு இந்தக் காயமும் ஒரு காரணம்.

மாற்றாமல் நின்றதன் விலை பெரிது. 1979 பிப்ரவரியில் சீனா வடக்கு எல்லையில் படையெடுத்தது. ஜூன் மாதம் மட்டும் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வியட்நாமிய அகதிகள் படகுகளில் அண்டை நாடுகளின் கரைகளை அடைந்தார்கள். இனி யாரையும் ஏற்க முடியாது என்று ஆசியான் அமைச்சர்கள் பாலியில் அறிவித்தார்கள். மறு ஆண்டு ஜூனில், அதே அமைச்சர்கள் கோலாலம்பூரில் கூடவிருந்த சமயத்தில், வியட்நாம் படை தாய்லாந்து எல்லையைக் கடந்து நோன் மாக் முன் கிராமத்துக்குள் புகுந்தது. அமைச்சர்கள் கூட்டத்துக்கு முன் ஒரு நாடு தன் நிலையை இதைவிட மோசமாக அறிவித்திருக்க முடியாது. தயக்கத்தோடு இருந்த இந்தோனேசியாவும் மலேசியாவும் தாய்லாந்தின் பின்னால் நிற்க வேண்டியதாயிற்று.

இந்த நிலையை உடைத்தது பசி. சோவியத் உதவி சுருங்கியது, பணவீக்கம் ஆண்டுக்குப் பல நூறு சதவீதமாக ஏறியது. 1986 டிசம்பரில் கம்யூனிஸ்ட் கட்சியின் ஆறாவது மாநாடு தோய் மோய் என்னும் புதுப்பித்தலைத் தொடங்கியது. 1988 மே மாதம் அரசியல் குழு நிறைவேற்றிய 13-ஆம் தீர்மானம், நண்பர்களைக் கூட்டு, எதிரிகளைக் குறை என்றது. 1989 செப்டம்பரில் படை கம்போடியாவிலிருந்து வெளியேறியது. 1992-ல் மணிலாவில் ஆசியானின் நட்புறவு ஒப்பந்தத்தை ஏற்ற வியட்நாம், 1995 ஜூலை 28 அன்று புருணையில் ஏழாவது உறுப்பினராக அமர்ந்தது. மாஸ்கோவில் படித்த அதிகாரிகள் ஆசியானின் அலுவல் மொழியான ஆங்கிலத்தை அவசரமாகக் கற்க வேண்டியிருந்தது.

இன்று ஓர் ஆசியான் வெளியுறவு அமைச்சர்கள் கூட்டத்துக்கு வியட்நாம் தயாராகும் விதமே வேறு. மூத்த அதிகாரிகள் முன்கூட்டியே கூடிக் கூட்டறிக்கையைப் பத்தி பத்தியாகப் பேசுகிறார்கள். சீனாவோடு தகராறுள்ள தென்சீனக் கடல் பற்றிய பத்தியில் கவலை என்பதா, ஆழ்ந்த கவலை என்பதா, சில அமைச்சர்கள் என்பதா, அமைச்சர்கள் என்பதா என்று நள்ளிரவுவரை பேரம் நடக்கும். ஹனோயின் பொதுநிலையும் எழுதி வைக்கப்பட்டதுதான்: இராணுவக் கூட்டணி இல்லை, ஒரு நாட்டோடு சேர்ந்து இன்னொன்றை எதிர்ப்பதில்லை, அந்நியத் தளம் இல்லை, படைபலத்தைப் பயன்படுத்துவதோ அதைக் காட்டி மிரட்டுவதோ இல்லை. 2019 பாதுகாப்பு வெள்ளை அறிக்கையின் இந்த நான்கு மறுப்புகளுக்குள் நின்றுகொண்டே சீனா, ரஷ்யா, இந்தியா, அமெரிக்கா, ஜப்பான் எனப் பலரோடும் உயர்மட்டக் கூட்டுறவை வியட்நாம் அமைத்திருக்கிறது. 1995-ல் அதன் மொத்த வெளிவணிகம் சுமார் 1,360 கோடி டாலர். 2024-ல் அது 78,000 கோடி டாலரைத் தாண்டியது. பட்டினியை நேரில் கண்ட ஒரு தலைமுறைக்கு இந்த எண்களின் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இழப்பு எது என்று கேட்டால், 2012 ஜூலையைத்தான் முதலில் சொல்வேன். அந்த ஜூன் மாதம் சீன அரசின் எண்ணெய் நிறுவனம், வியட்நாம் தன் பொருளாதார மண்டலம் என்று கருதும் கடற்பகுதியில் ஒன்பது துண்டங்களை ஏலத்துக்கு விட்டது. அடுத்த மாதம் ஆசியான் அமைச்சர்கள் கூடினார்கள். கூட்டறிக்கையில் தன் பொருளாதார மண்டலம் பற்றி ஒரு குறிப்பை வியட்நாம் கேட்டது. சீனாவோடு தனக்குத் தகராறு இருந்த ஸ்கார்பரோ திட்டைப் பற்றிக் குறிப்பிட வேண்டும் என்று பிலிப்பைன்ஸ் கேட்டது. தலைமை வகித்த நாடு இரண்டையும் ஏற்கவில்லை. ஆசியானின் 45 ஆண்டு வரலாற்றில் முதல்முறையாகக் கூட்டறிக்கை இல்லாமலே கூட்டம் கலைந்தது. கூட்டம் நடந்த ஊர் நோம் பென். அந்நாட்டின் அப்போதைய பிரதமர் ஹுன் சென்.

அவரை நன்றி மறந்தவர் என்று சொல்லிவிடுவது எளிது. எனக்கு அது சரியாகப் படவில்லை. கம்போடியாவுக்கு அப்போது சீன முதலீடும் கடனும் தேவைப்பட்டன. 1980-களில் ஹனோய் சொன்னதையே சொல்ல வேண்டியிருந்த ஒரு சிறிய நாடு, பிறகு தன் கணக்கைத் தானே போட்டது. அந்த உரிமையைப் பறிக்கும் ஒரே குரல் எந்த நாளும் நிலைத்திருக்காது. கூட்டம் கலைந்த அடுத்த வாரமே இந்தோனேசிய அமைச்சர் மார்ட்டி நடலேகவா தலைநகர் தலைநகராகப் பறந்து தென்சீனக் கடல் பற்றிய ஆறு கொள்கைகளுக்கு ஒப்புதல் வாங்கினார். அன்று எதிர்முகாமில் இருந்த ஜகார்த்தாதான் இம்முறை பழுது பார்த்தது.

எல்லோரோடும் நட்பு என்ற கொள்கை வேறொன்றையும் கேட்கிறது. 2022 மார்ச்சில் உக்ரைன் மீதான ரஷ்யப் படையெடுப்பைக் கண்டித்த ஐ.நா. தீர்மானத்தை சிங்கப்பூரும் இந்தோனேசியாவும் ஆதரித்தன. வியட்நாம் ஒதுங்கி நின்றது. பெரிய அண்டை நாட்டின் படையைத் தன் மண்ணில் கண்ட நாடு அது. அந்த மௌனம் எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. பழைய ஹனோய் தவறாகப் பேசியபோதும் உரக்கப் பேசியது என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

ஆனால் அந்த நினைப்பும் முழு உண்மையல்ல. 1974 ஜனவரியில் தென்சீனக் கடலில் உள்ள பாராசெல் தீவுகளின் மேற்குப் பகுதியைத் தென்வியட்நாமிடமிருந்து சீனா போரிட்டுப் பறித்தது. போருக்குச் சீன உதவியை நம்பியிருந்த ஹனோய் அதை வெளிப்படையாகக் கண்டிக்கவில்லை. இன்று தென்சீனக் கடலுக்கான நடத்தை விதிகளைச் சீனாவும் ஆசியானும் பேசிவருகின்றன. அந்த விதிகள் பாராசெல்லுக்கும் பொருந்த வேண்டும் என்று வியட்நாம் கேட்டுவருகிறது. பாராசெல் பற்றித் தனக்கும் வியட்நாமுக்கும் இடையே தகராறே இல்லை என்பது சீனாவின் நிலை. பேச ஒன்றுமில்லை என்கிறது. ஹனோய் அதற்காகக் கோபித்து எழுந்து போவதில்லை. அந்தக் கோரிக்கையை மறுபடியும் மேசையில் வைக்கிறது. அதற்கு மற்ற உறுப்பு நாடுகளின் ஆதரவையும் நாடுகிறது.