முறுக்கு டப்பாவும் ஜனாதிபதித் தேர்தலும்

நீங்கள் டில்லிக்கு ரயில் ஏறப் போகிறீர்கள். பக்கத்து வீட்டு மாமி மூச்சிரைக்க ஓடி வருகிறாள். "இந்த முறுக்கு டப்பாவை என் பெண்ணிடம் சேர்த்துவிடேன், அம்மா!" என்று கையில் திணிக்கிறாள். டில்லியில் போய்ப் பார்த்தால் வீடு பூட்டிக் கிடக்கிறது. மாப்பிள்ளைக்கு அவசர மாற்றல்; பெண் நாக்பூருக்குப் போய்விட்டாள். டப்பாவை என்ன செய்வீர்கள்? அவளுடைய நாத்தனாரிடம் கொடுப்பீர்களா? திருப்பித் தூக்கி வருவீர்களா? அல்லது... சரி, அந்த மூன்றாவது வழியைப் பற்றி நாம் பேச வேண்டாம்!

இதே தர்மசங்கடம் அமெரிக்கக் கட்சி மகாநாடுகளில் பிரதிநிதிகளுக்கு அடிக்கடி வருகிறது.

அங்கே ஜனாதிபதி வேட்பாளரை ஒரு தலைவர் அறைக்குள் உட்கார்ந்து அறிவித்துவிட முடியாது. மாகாணம் மாகாணமாக, "எங்கள் கட்சிக்கு இன்னார் வேண்டும்" என்று ஜனங்களே முதலில் ஓட்டுப் போடுகிறார்கள். அந்தக் கணக்குக்கு ஏற்றபடி ஒவ்வொருவருக்கும் இத்தனை பிரதிநிதிகள் என்று கிடைக்கும். கோடையில் மகாநாடு கூடும்போது அந்தப் பிரதிநிதிகள்தாம் கடைசி ஓட்டைப் போட வேண்டும். அதற்குள் பலர் கையில் பணம் தீர்ந்து விலகிவிடுகிறார்கள். "விலகுகிறேன்" என்று வாய்விட்டுச் சொல்பவர்கள் குறைவு. "பிரசாரத்தை நிறுத்தி வைக்கிறேன்" என்பார்கள். கையிலுள்ள பிரதிநிதிகளை விட்டுவிட மனம் வராதே!

ஜனநாயகக் கட்சியின் விதி, தேர்ந்தெடுத்தவர்களின் எண்ணத்தை மனச்சாட்சியோடு பிரதிபலிக்க வேண்டும் என்கிறது. முடிவு பிரதிநிதியின் கையில். குடியரசுக் கட்சியிலோ மாகாணத்துக்கு ஒரு வழக்கம். 2016-ல் அலாஸ்காக்காரர்கள் எழுந்து, குரூஸுக்கு 12, டிரம்புக்கு 11, ரூபியோவுக்கு 5 என்று வாசித்தார்கள். மேடையிலோ 28-ம் டிரம்புக்கே என்று பதிவாயிற்று! விலகியவர்களின் பங்கு நிற்பவருக்குப் போய்விடும் என்பது அலாஸ்கா கட்சியின் விதியாம். அவர்கள் ஆட்சேபித்தும் பலிக்கவில்லை.

1980-ல் நடந்தது இதற்கு நேர்மாறு. ஜனங்கள் சொன்னபடியேதான் முதல் ஓட்டைப் போட வேண்டும் என்ற விதியை எடுத்துவிடுங்கள் என்று எட்வர்ட் கென்னடி வாதாடினார். நியூயார்க் மகாநாட்டில் தோற்றார். அன்றிரவே போட்டியிலிருந்து விலகினார். அப்படியும் பெயர் கூப்பிட்டு ஓட்டெடுத்தபோது 1,150 ஓட்டுகள் அவருக்கே விழுந்தன. தலைவர் விட்டாலும் தொண்டர்கள் விடவில்லை.

என் மனசுக்குப் பிடித்த கதை 1972-ல் மயாமி கடற்கரையில் நடந்தது. ஷர்லி சிஷோம் என்ற அம்மாள், பள்ளி ஆசிரியையாக வாழ்க்கையைத் தொடங்கி, 1968-ல் அமெரிக்கக் காங்கிரஸுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் கறுப்பினப் பெண்மணி. ஜனாதிபதி பதவிக்கே நிற்கிறேன் என்று கிளம்பியதும் பலர் சிரித்தார்கள். கறுப்பினத் தலைவர்களே தயங்கினார்கள். பெண்கள் இயக்கத்தாரிலும் எல்லோரும் துணை வரவில்லை. பணமும் இல்லை. மகாநாட்டுக்குச் சில பிரதிநிதிகளோடுதான் வந்து சேர்ந்தார். அந்தச் சமயத்தில் ஹியூபர்ட் ஹம்ப்ரி தம் போட்டியைக் கைவிட்டு, தம்மிடமிருந்த கறுப்பினப் பிரதிநிதிகளை விடுவித்து, அவர்கள் சிஷோமுக்கு ஓட்டுப் போடலாம் என்றார். எண்ணிப் பார்த்தபோது அந்த அம்மாளுக்குச் சுமார் 152 ஓட்டுகள்! ஜெயித்தவர் மக்கவர்ன்தான். ஆனால் ஒரு பெரிய கட்சியின் மகாநாட்டில் ஒரு கறுப்பினப் பெண்ணின் பெயர் அத்தனை ஓட்டோடு ஒலித்தது அதுவே முதல் தடவை.

2008-ல் ஹிலாரி கிளிண்டன் டென்வர் நகரில் தம் பிரதிநிதிகளைத் தாமே விடுவித்தார். மாதக்கணக்காக அவருக்காக அலைந்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்! ஓட்டெடுப்பு பாதியில் இருக்கும்போது நியூயார்க் பிரதிநிதிகள் நடுவே நின்று, விதிகளை ஒதுக்கிவிட்டு ஒபாமாவை ஏகமனதாக ஏற்போம் என்று அவரே பிரேரணை கொண்டு வந்தார். போட்டியாளர் வாயாலேயே அது வந்தது.

பிறகு 2024. ஜூலை 21-ல் ஜோ பைடன் விலகினார். அதற்குள் ஒரு கோடியே நாற்பது லட்சம் பேருக்கு மேல் அவருக்கு ஓட்டுப் போட்டிருந்தார்கள். இவ்வளவு பெரிய முறுக்கு டப்பா வேறு எங்கும் கைமாறியிருக்காது! பைடன் துணை ஜனாதிபதி கமலா ஹாரிஸைக் கைகாட்டினார். பிரதிநிதிகள் கட்டாயமில்லாமலே அவர் பக்கம் திரண்டார்கள். ஆகஸ்டில் சிகாகோ மகாநாடு கூடுமுன்பே மின்வழியில் நடந்த ஓட்டெடுப்பில் அவருக்கு 4,567 ஓட்டுகள். ஓட்டுப் போட்ட ஜனங்களை மறுபடி கேட்கவில்லையே என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. அந்த முணுமுணுப்பில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். கமலாவின் தாய் வழிப் பாட்டனாரின் ஊரான துளசேந்திரபுரத்தில் கோயிலில் பிரார்த்தனை நடந்தது. நவம்பரில் அவர் தோற்றார்.

இதே கமலா முந்திய தடவையும் நின்றார். அப்போது தம் பிரசாரச் சின்னத்தை சிஷோம் அம்மாளின் பழைய சுவரொட்டியைப் பார்த்துத்தான் அமைத்துக்கொண்டார். ஆனால் ஓட்டுப் பதிவு தொடங்குமுன்பே, 2019 டிசம்பரிலேயே விலகிவிட்டார். விடுவிப்பதற்கு அன்று அவர் கையில் ஒரு பிரதிநிதி கூட இல்லை.