புது ஹெல்மெட்டைப் பழசாக்கும் வேலை

சென்ற கோடையில் என் மாமியார் நாகர்கோவிலிலிருந்து ஃப்ரீமான்ட்டுக்கு வந்திருந்தார்கள். ஒரு சனிக்கிழமை காலை கராஜை எட்டிப் பார்த்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். நானும் நம் வாலிபர் கூட்டத்துத் தம்பி ஒருவனும் புத்தம்புது ஹெல்மெட் ஒன்றை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தோம்.

"மக்ளே, காசு குடுத்து வாங்குன சாமானை எதுக்கு இப்பிடிப் பாழாக்குதிய?"

"பாழாக்கல அத்தை, பழசாக்குறோம்" என்றேன். அவர்களுக்கு அது ஒரு பதிலாகவே படவில்லை.

அந்த ஹெல்மெட் 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் போபா ஃபெட் அணிவது. நம்மில் பலருக்குத் தெரியாத செய்தி, அவன் முதன்முதலில் பொதுமக்கள் முன் வந்தது நம் பே ஏரியாவில்தான். 1978 செப்டம்பர் 24 அன்று, கோல்டன் கேட் பாலத்துக்கு வடக்கே சான் ஆன்செல்மோ என்ற சிற்றூரின் திருவிழா ஊர்வலத்தில், டார்த் வேடரோடு சேர்ந்து தெருவில் நடந்து வந்தான். படம் வெளியானது 1980-ல். உடைக்குள் இருந்தவர் டுவேன் டன்ஹாம், படத்தொகுப்பு உதவியாளர். அந்த உடை முதலில் முழு வெள்ளையாக இருந்தது. அதற்கு வண்ணம் பூசி, கீறலும் பள்ளமும் வைத்து, பல சண்டை பார்த்த ஆளாக மாற்றியவர் ஜோ ஜான்ஸ்டன். பின்னாளில் 'கேப்டன் அமெரிக்கா' முதல் படத்தை இயக்கியவரும் அவரே. வசனம் அதிகம் இல்லாத அந்தப் பாத்திரத்தின் கதை முழுவதையும் ஹெல்மெட்டின் பள்ளமே சொல்லிவிடுகிறது.

தம்பி தானாகச் செய்த முதல் முயற்சியைக் கொண்டுவந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மை போட்டதுபோல, எல்லாப் பக்கமும் ஒரே அளவில் கீறல். "இந்த அடி எங்கேயிருந்து வந்தது?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவசரப் பிரிவில் நாங்கள் கேட்கும் அதே கேள்வி. விழுந்தவனுக்கு உள்ளங்கையும் முழங்காலும் சிராய்க்கும், அக்குள் சிராய்க்காது. ஹெல்மெட்டும் அப்படித்தான். விளிம்பு, நெற்றி மேடு, கழற்றும்போது கை பிடிக்கும் இடம் இவைதான் தேயும், குழிவான இடத்தில் அழுக்குதான் சேரும். அடியின் வயதையும் யோசிக்க வேண்டும். கன்றிய தோல் முதலில் சிவந்து, பிறகு கருநீலமாகி, பச்சையும் மஞ்சளுமாக மறைவதுபோல, புதுக் கீறல் பளபளக்கும், பழைய கீறல் மங்கிக் கறுத்திருக்கும்.

வேலையை உள்ளிருந்து வெளியே செய்ய வேண்டும். முதலில் முழுவதும் வெள்ளி நிற ஸ்ப்ரே. அது நன்றாகக் காய்ந்ததும், வண்ணம் உரிந்து தெரிய வேண்டிய இடங்களில் மட்டும் மாஸ்கிங் திரவத்தை ஸ்பாஞ்சின் கிழிந்த முனையால் ஒற்ற வேண்டும். (பல மாஸ்கிங் திரவங்களில் லேடெக்ஸ் உண்டு. ஒவ்வாமை உள்ளவர்கள் அதைத் தொடாமல் பற்பசையோ வாஸலினோ வைத்துக்கொள்ளலாம்.) அதன்மேல் பச்சை வண்ணம். காய்ந்த பின் விரலால் தேய்த்தால் திரவம் உரிந்து, அடியிலிருந்து வெள்ளி எட்டிப் பார்க்கும். தூரிகையால் வரைந்த கீறலுக்கு இந்த நிஜம் வராது, ஏனென்றால் இங்கே வண்ணம் உண்மையாகவே உரிந்திருக்கிறது.

பிறகு அழுக்கு. கறுப்பும் பழுப்பும் கலந்த அக்ரிலிக்கைத் தண்ணீராகக் கரைத்து முழுவதும் பூசி, பாதி காயும்போது ஈரப் பேப்பர் டவலால் மழை வழியும் திசையில் மேலிருந்து கீழாகத் துடைக்க வேண்டும். எங்கே நிறுத்துவது என்பதுதான் கஷ்டம். நான் இரண்டு ஹெல்மெட்டுகளைச் சேற்றில் விழுந்த பானைபோல ஆக்கிய பிறகே கற்றுக்கொண்டேன்.

பெற்றோருக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். கோவிட் காலத்து என்95 மாஸ்க் வீட்டில் மிச்சம் இருக்கும். உப்புத்தாள் தூசிக்கு அது போதும். ஸ்ப்ரே பெயின்டின் ஆவியை அது தடுக்காது. அதற்கு ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் பொருத்திய ரெஸ்பிரேட்டர் வேண்டும், கராஜ் கதவும் திறந்திருக்க வேண்டும். தலை கிறுகிறுத்தால் உடனே வெளியே வரவேண்டும்.

"வேலையில் பார்க்கிற காயம் போதாதா, வீட்டிலும் காயமா?" என்று என் கணவர் கேட்பார். பல வருஷங்களுக்கு முன், நான் குழந்தைகள் வார்டில் இருந்தபோது, உடை அணிந்த தன்னார்வலர்கள் சிலர் வந்தார்கள். 1997-ல் ஆல்பின் ஜான்சன் தென் கரோலினாவில் தொடங்கிய 501-வது லீஜியனைப் போன்ற குழுக்கள் இப்படி மருத்துவமனைகளுக்குப் போவதுண்டு. அறுவைசிகிச்சைத் தழும்போடு படுத்திருந்த ஒரு சின்னப் பையன், குனிந்து நின்ற ஹெல்மெட்டின் பள்ளத்தில் விரலை வைத்து, "வலித்ததா?" என்று கேட்டான். உள்ளே இருந்தவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகத் தலையை ஆட்டினார். பையன் தன் சட்டையைத் தூக்கித் தன் தழும்பைக் காட்டினான். அந்த வாரம் முழுவதும் டிரெஸ்ஸிங் மாற்றும்போதுகூட அதை யாருக்கும் காட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தவன் அவன். அடுத்த மாதமே முதல் ஹெல்மெட்டை வாங்கினேன்.

தம்பிக்கும் அப்படிப்பட்ட குழுவில் சேர ஆசை. வேலை முடிந்ததும் ஒரு பரீட்சை வைத்தேன். குழந்தைகளிடம் போகும் பொருளைத் துடைத்துச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும், ஆனால் ஆல்கஹால் கலந்த வைப்ஸ் அக்ரிலிக்கைக் கரைத்துவிடும். ஒரு வைப் எடுத்து ஹெல்மெட்டின் பின்பக்கம் தேய்த்தேன். வெள்ளைத் துணி பழுப்பானது. தம்பியின் முகம் வாடிவிட்டது.

"மேட் கிளியர் கோட் எத்தனை தடவை அடிச்ச?"

"ஒண்ணுதான் அக்கா. அதுவும் லேசா."

அதற்குள் அத்தை மூன்று டம்ளர் டீயோடு வந்து, ஹெல்மெட்டை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்கள். "இந்தப் பள்ளம் மட்டும் நல்லாருக்கு" என்றார்கள். தம்பி டீயைக் குடித்துவிட்டு, அழிந்த இடத்துக்கு மறுபடியும் பழுப்பு வண்ணம் கலக்க ஆரம்பித்தான்.