டயர் செருப்பு

செருப்பைப் பற்றிக் கட்டுரை எழுதப்போகிறேன் என்றதும் வகுப்பு நண்பர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி செல்லும் சாலையில் கிளியனூர்ப் பக்கம் வளர்ந்தவன் நான். அங்கே மல்லாட்டைக் கொல்லையிலும் சவுக்குத் தோப்பிலும் பாடுபடும் முதியவர்கள் சிலருக்கு ஒரே ஒரு செருப்புத்தான் செருப்பு. அது லாரி டயரை அறுத்துச் செய்தது. பிள்ளைகள் பட்டணத்திலிருந்து புதுச் செருப்பு வாங்கி வந்தால், அதைப் பெட்டியோடு பரண்மேல் ஏற்றிவிட்டுப் பழையதையே மாட்டிக்கொண்டு கழனிக்குப் போய்விடுவார்கள். இது வெறும் பிடிவாதமா, இல்லை காரணம் உண்டா என்று வேதியியல் மாணவனாகிய நான் ஆராய முற்பட்டேன்.

முதலில் அது உருவாகும் விதம். ஓடித் தேய்ந்து, 'பட்டன்' மழுங்கி, இனி லாரிக்கு உதவாது என்று கழித்துப் போட்ட டயரே இதற்கு மூலப்பொருள். தரையில் உருளும் நடுப்பகுதியிலிருந்து அடித்தோலையும், உள்ளே இருக்கும் துணி அடுக்குகளைக் குறடால் பிடித்து உரித்து வாரையும் எடுப்பார்கள். ரப்பரை அறுக்கும்போது கத்தியை அடிக்கடி தண்ணீரில் நனைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் கத்தியைக் கவ்விக்கொள்ளும். வாரை அடித்தோலில் சிற்றாணிகளால் அறைந்து, ஆணி முனையை மடக்கி விடுவார்கள். டயர் வட்டமானது அல்லவா? அந்த வளைவு செருப்பிலும் இருக்கும். புதிதில் நுனியும் குதியும் தூக்கிக்கொண்டு தொட்டில் போல ஆடும். சில வாரம் நடந்த பிறகே அது படியும். படியும்போது யார் காலில் கிடக்கிறதோ அவர் காலுக்கென்றே படிந்துவிடும். பெருவிரல் அழுத்திய பள்ளம், சாய்ந்து நடப்பவருக்கு ஓரத்தேய்வு எல்லாம் அதில் பதிந்திருக்கும். அதன்பின் அண்ணன் செருப்பைத் தம்பி மாட்டிக்கொண்டு நாலடி வைக்க முடியாது.

எங்கள் நிலத்தில் நடக்க இதைவிட ஏற்றது வேறில்லை என்பது முள்ளை மிதித்தவருக்குத் தெரியும். சீமைக் கருவேல முள் ஹவாய் செருப்பைத் துளைத்துக்கொண்டு நேரே காலில் ஏறும். தோல் செருப்பு முள்ளைத் தாங்கினாலும் சேற்றைத் தாங்காது. நனைந்து காய்ந்தால் விறைத்துக்கொள்ளும், விளக்கெண்ணெய் தடவிப் பேண வேண்டும். டயர் செருப்புக்கு எண்ணெயும் வேண்டாம், பேணலும் வேண்டாம். வார் அறுந்தால் மரத்தடியில் உட்கார்ந்து ஓர் ஆணியில் சரிசெய்யலாம். கனம் என்பது ஒன்றே குறை. கோடை வெயிலில் கழற்றிப் போட்டால் திரும்ப மாட்டும்போது சுடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

செருப்பின் பெருமையைப் பேசும்போது ஒன்றை மறைப்பது நேர்மையாகாது. தமிழகத்துச் சிற்றூர்கள் பலவற்றில் சில தெருக்களை ஒரு சாரார் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கடக்க வேண்டியிருந்தது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்த பின்னரும் அவ்வழக்கம் பல இடங்களில் உடனே போய்விடவில்லை. அக்காலத்தைக் கண்ட ஒரு முதியவர் 'சரக் சரக்' என்று ஒலியெழத் தெருநடுவே நடக்கிறார் என்றால், அந்த ஒலிக்கும் ஒரு பொருள் உண்டு.

பழைய காலணிமீது பற்றுக்கொள்வது நம் ஊர்க் கிழவர்களின் குணம் மட்டுமன்று. குல்மார்க், ஆலி போன்ற இடங்களில் பனிச்சரிவில் சறுக்கி விளையாடுவார்களே, அவ்விளையாட்டுக்குரிய காலணியிலும் இதே கதைதான். முன்னாளில் அது கயிறு கட்டும் தோல் காலணியாக இருந்தது. 1960களில் அமெரிக்கரான பாப் லாங்கே என்பவர் பிளாஸ்டிக் கூடு கொண்ட காலணியைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். பின்னர் சுவிட்சர்லாந்தின் ரைக்ளே நிறுவனம் 'ஃப்ளெக்ஸான்' என்ற ஒன்றைச் செய்தது. அதன் முன்நாக்கு ஆர்மோனியத் துருத்தி போல மடிப்பு மடிப்பாக இருக்கும். முழங்காலை முன்னே வளைக்கும்போது கூடு பிதுங்காமல் நாக்கு மட்டும் மடியும். அதன் உற்பத்தி நின்ற பிறகும் வீரர்கள் அதை விடவில்லை, பழையதைத் தேடிப் பிடித்து அணிந்தார்கள். கடைசியில் 2006இல் 'ஃபுல் டில்ட்' என்ற பெயரில் ஒரு நிறுவனம் அந்தப் பழைய அச்சுகளைக் கொண்டே அதை மீண்டும் வார்க்கத் தொடங்கியது.

ஆனால் அவர்கள் பற்றில் ஓர் ஆபத்து இருக்கிறது. அக்கூடுகள் பெரும்பாலும் பாலியூரித்தேன் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனவை. காற்றில் உள்ள ஈரம் அதன் மூலக்கூறு இணைப்புகளை மெல்ல மெல்ல அறுக்கும். நாம் பாடத்தில் படிக்கும் நீராற்பகுப்புத்தான் இது. அணியாமல் அலமாரியில் வைத்திருந்தாலும் அது நடந்துகொண்டே இருக்கும். வெளியே பளபளப்பாகத் தெரியும் பழங்காலணி, சரிவில் இறங்கும்போது ஓடு உடைவது போல உடைந்துவிடலாம். நம் டயர் செருப்புக்கு இந்த நோய் இல்லை. ரப்பர்ச் சங்கிலியின் முதுகெலும்பு கார்பன் அணுக்களால் மட்டுமே ஆனது. அதில் நீர் புகுந்து வெட்டுவதற்கு இடமில்லை. 1839இல் சார்லஸ் குட்இயர் கண்டறிந்த வழியில் கந்தகம் சேர்த்துச் சூடாக்குவதால் சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைகின்றன. டயரைக் கறுப்பாக்கும் கார்பன் தூளோ தேய்மானத்தைக் குறைத்து, வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரையும் தடுக்கிறது.

அப்படியானால் டயர் செருப்பில் ஆபத்தே இல்லையா? உண்டு. அது ரப்பரில் இல்லை, ஆணியில் இருக்கிறது. என் பெரியப்பாவுக்குச் சர்க்கரை நோய். நாளடைவில் பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிட்டது. அடித்தோல் தேயத் தேய ஆணித்தலை மேலே கிளம்பியிருக்கிறது. மாலையில் வீட்டுத் திண்ணையில் இரத்தக் கறையைக் கண்டு பெரியம்மா அலறிய பிறகுதான் காலில் புண் இருப்பதே அவருக்குத் தெரியும். புண் ஆற மூன்று மாதம் பிடித்தது. விரலை எடுக்க நேராமல் தப்பித்தது நல்லகாலம்.

இதற்கு விடை நம் மாநிலத்திலேயே எப்போதோ கண்டாகிவிட்டது. 1946இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் நோயினால் தாமே அழுகி விழுவதில்லை, வலி தெரியாத காரணத்தால் பட்ட காயத்தின்மேல் காயம் பட்டே அழிகின்றன என்று எடுத்துக்காட்டினார். வலி என்பது காவல்காரன், காவல் போனால் காலும் போகும் என்பது அதன் கருத்து. வேலூரிலும் அதை அடுத்த கரிகிரியிலும் உணர்ச்சியற்ற பாதங்களுக்கெனத் தனிச் செருப்பு செய்யப்பட்டது. மேலே 'எம்.சி.ஆர்.' எனப்படும் நுண்ணறை ரப்பர். நுண்ணிய காற்றறைகள் கொண்ட இது, பாதத்தின் எந்த ஓரிடத்திலும் பாரம் குவியாமல் பரப்பிவிடும். கீழே முள் ஏறாத கெட்டியான ரப்பர், பல இடங்களில் நம் டயர்தான். எங்கும் ஆணி கூடாது, தையலும் பசையும் மட்டுமே. இன்று சர்க்கரை நோயாளிகளுக்கும் இதையே பரிந்துரைக்கிறார்கள்.

பெரியப்பாவிடம் இதைச் சொன்னபோது, "என் டயரை விடச் சொல்கிறாயா?" என்றுதான் கேட்டார். டயர் அடியிலேயே இருக்கும் என்று சொன்ன பிறகே சம்மதித்தார். செய்து கொடுக்க வந்த தொழிலாளிக்கு வேறு ஒரு கவலை. புதிய லாரிகளில் பெரும்பாலும் ரேடியல் டயர்தான் வருகிறது. அதில் பட்டனுக்கு அடியில் எஃகுக் கம்பிகள் பின்னியிருக்கும். அறுத்தால் கத்தி மழுங்கும், செருப்பாக்கினால் கம்பி முனை காலில் குத்தும். ஆணிக்குப் பயந்து கம்பியிடம் மாட்டிக்கொண்ட கதையாகும். ஆகவே நைலான் துணி அடுக்கு மட்டும் உள்ள பழைய வகை டயராகத் தேடித் தரச் சொன்னார். டிராக்டர் முன்சக்கரத்து டயர் ஒன்று கிடைத்தது. ஒரு டயரில் நாலைந்து சோடி தேறும் என்று கணக்கிட்டு, பக்கத்து வீட்டுக்காரர் இருவரும் தங்கள் கால் அளவைத் தாளில் வரைந்து கொடுத்திருக்கிறார்கள்.