மஞ்சள் மின்னல் சொல்லும் சேதி

படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே தொலைக்காட்சித் திரையின் வலது மேல் மூலையில் சின்னதாக ஒரு மஞ்சள் மின்னல் குறி எட்டிப் பார்த்து மறையும். வீட்டில் யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. கொஞ்ச நேரத்தில் படம் உறையும், இல்லையென்றால் வன்தட்டைக் காணோம் என்று திரை சொல்லும். பழி நேராக மென்பொருள் மீது விழும். மென்பொருள் இருக்கும் எஸ்டி கார்டை அழித்து எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்றுவார்கள். மறுநாளும் அதே கோளாறு.

உள்ளங்கைக்குள் அடங்கும் ராஸ்பெரி பை பலகையில் வீட்டுத் திரையரங்கு நடத்துகிறவர்களின் தலைவலிகளில் பெரும்பங்கு இந்தக் குறிக்குப் பின்னால்தான் இருக்கிறது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் எபன் அப்டனும் நண்பர்களும் பிள்ளைகள் நிரல் எழுதப் பழகட்டும் என்று உருவாக்கிய பலகை இது. 2012 பிப்ரவரி 29ஆம் நாள் 35 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. அதில் ஓடும் கோடி மென்பொருளின் கதை இன்னும் பழையது. 2002இல் மைக்ரோசாப்டின் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டிக்காக ஆர்வலர்கள் எழுதத் தொடங்கியது, 2014இல் கோடி என்று பெயர் மாறியது. இயங்குதளத்தையும் கோடியையும் சேர்த்து ஒரே கார்டில் தருகிற லிப்ரெஎலெக் 2016இல் வந்தது. கோடிக்குள் படம் எதுவும் இல்லை; நம்மிடம் இருப்பதைத்தான் அது காட்டும். திருட்டு ஒளிபரப்புக்குப் பயன்படும் பெட்டிகளை விற்பதை மலேசியப் பதிப்புரிமைச் சட்டத் திருத்தம் 2022 மார்ச் முதல் குற்றமாக்கிவிட்டது. அந்த வியாபாரத்தோடு கோடியைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை.

சுங்கை ரம்பாய், மலாக்கா மாநிலத்தின் ஜாசின் மாவட்டத்தில் இருக்கிறது. கேசாங் ஆற்றைத் தாண்டினால் ஜொகூர். இங்கே தாமான் வீட்டிலோ தோட்டத்து வீட்டிலோ இப்படி ஒரு பலகையை வைத்திருப்பவர், அது மக்கர் செய்தால் மூவாருக்கோ மலாக்கா டவுனுக்கோ தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு முன் சுவரில் செருகியிருக்கும் சார்ஜரைப் பார்ப்பது நல்லது.

அந்த மஞ்சள் மின்னல், பலகைக்கு வரும் மின்னழுத்தம் ஏறக்குறைய 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது என்பதன் அறிவிப்பு. கைபேசியின் ‘33 வாட்’ சார்ஜர் இருக்க என்ன குறை என்று கேட்கலாம். அந்த வேகமெல்லாம் கைபேசி கேட்டால்தான் கிடைக்கும். கைபேசி பேரம் பேசி 9 வோல்ட், 11 வோல்ட் என்று வாங்கிக்கொள்ளும். பலகை அப்படிக் கேட்பதில்லை. அதற்குக் கிடைப்பது வெறும் 5 வோல்ட், அதுவும் பல சார்ஜர்களில் 2 ஆம்பியர்தான். கேபிள் மெலிந்து நீண்டிருந்தால் வழியிலேயே இன்னும் கரையும். கால் ஓம் தடையுள்ள கேபிளில் 2 ஆம்பியர் ஓடினால் அரை வோல்ட் காணாமல் போகும், மிஞ்சுவது நாலரை. பாசார் மாலாமில் வாங்கிய கேபிளை நம்பியவர்களுக்கு இந்தக் கணக்கு போதும்.

பலகையின் மூன்றாம் தலைமுறையான பை 3க்கென்று வரும் சார்ஜர் 5.1 வோல்ட், 2.5 ஆம்பியர், பை 4க்கு 3 ஆம்பியர். அந்த 0.1 வோல்ட், கேபிளில் தொலையப்போவதற்காக முன்கூட்டியே சேர்த்துக் கொடுப்பது. 2019இல் வந்த முதல் தொகுதி பை 4 பலகைகளில் இன்னொரு வேடிக்கையும் இருந்தது. யுஎஸ்பி-சி இணைப்பில் இரண்டு மின்தடைகள் வைக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் வைத்திருந்தார்கள். அதனால் மடிக்கணினியோடு வரும் விலையுயர்ந்த கேபிள்கள் பலகையை ஏதோ ஒலிக்கருவி என்று எண்ணி மின்சாரமே தர மறுத்தன. மலிவான கேபிளில் வேலை செய்தது! பிறகு திருத்திவிட்டார்கள். பை 5க்கு 5 ஆம்பியர் வேண்டும். 3 ஆம்பியர் சார்ஜரைச் செருகினால், பலகை யுஎஸ்பி துளைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 600 மில்லி ஆம்பியருக்கு மேல் தராது. படங்கள் நிறைந்த சுழலும் வன்தட்டுக்கு அது போதாது. தனி மின்சாரம் உள்ள ஹப் ஒன்றின் வழியாக வன்தட்டை இணைப்பதே சரி.

குறி கண்ணில் படவில்லையென்றால் பலகையையே கேட்கலாம். அதன் நலம் விசாரிக்கும் கட்டளைக்கு விடை வெறும் சுழியாக வந்தால் கவலையில்லை. 50000 என்று வந்தால், இயக்கியதிலிருந்து எப்போதோ மின்னழுத்தம் குறைந்து வேகமும் மட்டுப்பட்டிருக்கிறது. 50005 என்றால் இந்த நொடியும் அதே நிலைதான்.

வானத்து மின்னலின் கணக்கு தனி. உலகில் இடி மின்னல் மிகுந்த நாடுகளில் மலேசியாவும் ஒன்று. ஓங்கி ஓர் இடி இடித்தால் மீட்டர் பலகையிலுள்ள இஎல்சிபி ‘டக்’கென்று விழுந்து வீடே இருண்டுபோவது இங்கே யாருக்கும் புதிதல்ல. விசிறிக்கும் விளக்கிற்கும் அதனால் ஒன்றுமில்லை. எஸ்டி கார்டில் அந்த நேரம் பலகை எதையாவது எழுதிக்கொண்டிருந்தால் பாதி எழுத்தோடு நின்றுவிடும். லிப்ரெஎலெக்கின் இயங்குதளப் பகுதி படிக்க மட்டுமே திறப்பது, அதனால் பெரும்பாலும் தப்பிக்கும். படப் பட்டியல், எந்தப் படத்தை எதுவரை பார்த்தோம் என்ற நினைவு, அமைப்புகள் எல்லாம் எழுதும் பகுதியில் இருக்கின்றன. சிதைவது அதுதான். அமைப்புப் பக்கத்திலேயே காப்புநகல் எடுக்கும் வசதி உண்டு. நகலை அதே கார்டில் விட்டுவைக்காமல் வன்தட்டுக்கு மாற்ற வேண்டும். இடி இல்லாமலே கார்டு அடிக்கடி கெட்டால், அது போலியாகவும் இருக்கலாம். 64 ஜிபி என்று அச்சடித்து உள்ளே 8 மட்டும் வைத்த கார்டுகள் இணையச் சந்தையில் உலவுகின்றன. முழுக்க எழுதித் திரும்பப் படித்துப் பார்க்கும் இலவச மென்பொருள் சாயத்தை வெளுத்துவிடும்.

சூடும் சேர்ந்துகொள்ளும். பலகையின் சில்லு 80 டிகிரியை எட்டினால் தானாகவே வேகத்தைக் குறைக்கும். நம் ஊர் வெக்கையில், அடைத்த அலமாரிக்குள் தொலைக்காட்சிக்குப் பின்னால் திணித்தால் அது நடக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இத்தனையும் சரியாக இருந்தும் ஒரு படம் மட்டும் திக்கித் திணறினால், அந்தக் கோப்பு எந்த வடிவத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பை 3 எச்.264 படங்களை அலட்டிக்கொள்ளாமல் ஓட்டும். எச்.264க்குப் பின் வந்த எச்.265 வடிவத்துக்கான வன்பொருள் பை 3இல் இல்லை. பை 4இல் அது 4கே வரை உண்டு. பை 5இல் எச்.264க்கான வன்பொருளையே எடுத்துவிட்டார்கள், செயலி அதை உழைத்துச் சமாளிக்கிறது. பழைய கல்யாண டிவிடிகள் எம்பெக்-2 வடிவம். முதல் பலகைகளில் அதற்கு 2.40 பவுண்டு கொடுத்து உரிமச் சாவி வாங்க வேண்டியிருந்தது. இன்றைய பலகைகளுக்கு அது தேவையில்லை. மணமகள் கையசைக்கும்போது விளிம்பில் சீப்புப் பல் போலக் கோடுகள் தெரிந்தால், அது பழைய கேமரா ஒவ்வொரு சட்டகத்தையும் இரு பாதியாகப் பிரித்துப் பதிந்ததன் விளைவு. கோடியில் அந்தப் பாதிகளை இணைக்கும் அமைப்பை முடுக்கினால் மறையும்.

படம் வருகிறது, ஒலி இல்லை என்றால் டிடிஎஸ் ஒலியை அப்படியே தொலைக்காட்சிக்கு அனுப்பும் அமைப்பை அணைக்க வேண்டும். பல தொலைக்காட்சிகளுக்கு அது புரியாது.

தமிழுக்கென்றே இரண்டு சங்கடங்கள் உண்டு. பட்டியலில் தமிழ்ப் பெயர்கள் கட்டங்கட்டமாகத் தெரிந்தால் தோற்ற அமைப்பில் எழுத்துருவை ஏரியலுக்கு மாற்றிப் பார்க்க வேண்டும். இன்னொன்று, படத்தின் சுவரொட்டியும் விவரமும் தப்பாக வந்து நிற்பது. ‘விக்ரம்’ என்று மட்டும் கோப்புக்குப் பெயர் வைத்தால் 1986 படமா 2022 படமா என்று மென்பொருளுக்கு எப்படித் தெரியும்? இரண்டிலும் கமல்ஹாசன்தான். ‘பில்லா’வுக்கும் 1980, 2007 என்று இரண்டு. பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஆண்டைச் சேர்த்தால் தீர்ந்தது.

நேரடி ஒளிபரப்புக்கும் இந்தப் பலகை உதவும். மலேசியாவில் 2019இல் அனலாக் ஒளிபரப்பு நிறுத்தப்பட்டு மைடிவி டிஜிட்டலுக்கு மாறியது. அது பயன்படுத்தும் டிவிபி-டி2 முறையைப் புரிந்துகொள்ளும் ‘டிவி ஹேட்’ என்ற துணைப்பலகையை ராஸ்பெரி பை 2018இலேயே கொண்டுவந்துவிட்டது. டிவிஹெட்எண்ட் என்ற மென்பொருளோடு அதைச் சேர்த்தால் டிவி2இன் தமிழ்ச் செய்தியை நேரம் குறித்துப் பதிவுசெய்யலாம். சுங்கை ரம்பாயிலிருந்து பார்த்தால் 1,276 மீட்டர் உயரமுள்ள லேடாங் மலை வடகிழக்கே இருக்கிறது. ஒளிபரப்புக் கோபுரம் அங்கேதான். ஆண்டெனாவை அந்தப் பக்கம் திருப்பியும் படம் கட்டம் கட்டமாக உடைந்தால், பலகையைச் சந்தேகிக்கும் முன் ஆண்டெனா கேபிளின் முனையைச் சோதிக்க வேண்டும். பதிவுகள் போய்ச் சேரும் இடத்தை வன்தட்டு என்று குறித்துவிட வேண்டும். ஓயாமல் எழுதும் அந்த வேலையை எஸ்டி கார்டு நெடுநாள் தாங்காது.