கல்லு போனா காடு போயிருமா?

எங்கள் அப்புச்சிக்கு (அம்மாவின் அப்பா) காங்கேயத்துக்குப் பக்கத்தில் ஒரு கொறங்காடு உண்டு. கொறங்காடு என்றால் மாடு மேய்வதற்கென்றே விட்டுவைத்த மானாவாரிக் காடு. கீழே கொழுக்கட்டைப்புல், நடுவே வெள்வேல மரங்கள், சுற்றிலும் கிளுவை வேலி. மூலைக்கு மூலை சர்வே கல். சின்ன வயதில் அந்தக் கல்மேல் ஏறி உட்கார்ந்தால் அப்புச்சி சத்தம் போடுவார்.

கல்லூரியில் படிக்கும்போது, வீட்டிலிருந்த பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டுப் பார்க்க எனக்கு ஆசை வந்தது. 'இந்தப் பிரிவை அழிக்கலாமா?' என்று திரை கேட்டது. படிக்காமலே 'ஆமாம்' என்று தட்டினேன். காணாமல் போனது டி டிரைவ். அண்ணன் கல்யாணப் போட்டோ அத்தனையும் அதில்தான் இருந்தன.

அப்புச்சிக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. அவருக்குப் புரிகிற மாதிரி, "வேலியும் கல்லும் போயிருச்சுங்க அப்புச்சி" என்றேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே, "கல்லு போனா காடு போயிருமா கண்ணு? அங்கயேதான் கெடக்கும். அளந்து பாரு" என்றார்.

அவர் சொன்னது அப்படியே ஹார்ட் டிஸ்கின் அறிவியல்.

ஹார்ட் டிஸ்கைத் திறந்தால் (வேலை செய்கிற டிஸ்கைத் திறந்துவிடாதீர்கள், ஒரு தூசி போதும் அதைக் கெடுக்க) கண்ணாடிபோல் மின்னும் வட்டத் தட்டுகள் இருக்கும். மேஜைக் கம்ப்யூட்டரில் அவை பெரும்பாலும் நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும். நம் கோயமுத்தூர் மோட்டார் பம்பு பொதுவாகச் சுற்றுவது சுமார் 2,900 சுற்றுதான். தட்டின் மேல்பூச்சு காந்தப் பொருள். அதில் தகவல் சின்னச் சின்னப் பாத்திகளாக எழுதப்படுகிறது. ஒரு பாத்திக்கு 512 பைட் என்பது பழைய அளவு. அந்தக் கணக்கில் ஒரு டெராபைட் டிஸ்கில் சுமார் 195 கோடிப் பாத்திகள்!

இதில் முதல் பாத்தியில் நம் போட்டோ எதுவும் இருக்காது. 446 பைட்டில் கம்ப்யூட்டர் கண் விழிப்பதற்கான குறிப்பு. அடுத்த 64 பைட்டில் நான்கு வரி கொண்ட ஓர் அட்டவணை. கடைசி 2 பைட் அடையாள முத்திரை. ஒரு வரிக்கு 16 பைட். சி, டி என்று பிரித்திருக்கிறோமே, ஒவ்வொரு பிரிவும் எந்தப் பாத்தியில் தொடங்குகிறது, எத்தனை பாத்தி நீளம், என்ன வகை என்பதெல்லாம் இந்த ஒரு வரிக்குள் அடக்கம்.

16 பைட் எவ்வளவு சின்னது? கணினியில் இன்று வழக்கமான முறையில் 'கோவை' என்று தட்டினாலே 12 பைட் ஆகிவிடும். 'பொள்ளாச்சி' என்றால் 30. பொள்ளாச்சியே கொள்ளாத இடம் அது. நான் அழித்தது அவ்வளவுதான். போட்டோக்கள் மேல் ஒரு கீறல்கூட விழவில்லை. அவை எங்கே இருக்கின்றன என்பது மட்டும் கம்ப்யூட்டருக்குத் தெரியாமல் போயிற்று.

ஏன் முழுசாகத் துடைக்காமல் விடுகிறது? நேரம்தான் காரணம். ஒரு டெராபைட் முழுவதும் எழுதித் துடைக்க இரண்டு மணி நேரம் பிடிக்கும். 16 பைட்டைத் துடைக்கக் கண் இமைக்கும் நேரம்கூட வேண்டாம்.

புதிய கம்ப்யூட்டர்களில் இந்த அட்டவணை இரண்டு பிரதி, டிஸ்கின் தலையில் ஒன்று, கடைசியில் ஒன்று. ஆனால் நாமே அழி என்று சொன்னால் இரண்டிலும் அழித்துவிடும்!

சரி, அளப்பது எப்படி? பிரான்சைச் சேர்ந்த கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதிய 'டெஸ்ட்டிஸ்க்' என்ற இலவச மென்பொருள் நம் சர்வேயர் செய்வதைத்தான் செய்கிறது. காட்டுக்குள் நடந்து பழைய கற்களைத் தேடுகிறது. விண்டோஸ் பயன்படுத்தும் முறையில் ஒவ்வொரு பிரிவின் தொடக்கப் பாத்தியிலும் அந்தப் பிரிவின் நீளம் எழுதியிருக்கும். அதே பாத்தியின் நகல் ஒன்று பிரிவின் கடைசியிலும் இருக்கும். தலைக்கல்லும் கடைக்கல்லும் கிடைத்துவிட்டால், காணாமல் போன 16 பைட் வரியைக் கணக்குப் போட்டு மறுபடி எழுதிவிடலாம். கோப்புகள் பழைய பெயரோடு அப்படியே வந்து நிற்கும்.

எனக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. பயத்தில் நான் அதே இடத்தில் புதுப் பிரிவு ஒன்றை உருவாக்கி, கொஞ்சம் சினிமாப் பாட்டையும் ஏற்றியிருந்தேன். கல் போன காட்டை உழுதும் விட்டேன்.

அதற்கும் வழி உண்டு. கிரெனியேவின் இன்னொரு மென்பொருள் 'ஃபோட்டோரெக்' கல்லையே தேடாது. விதையைப் பார்த்தே பயிரைச் சொல்லும். ஜேபெக் படம் எதுவானாலும் 255, 216, 255 என்ற மூன்று எண்களில்தான் தொடங்கும். 255, 217 என்று முடியும். ஜிப் கோப்பு பி, கே என்ற இரண்டு எழுத்தில் தொடங்கும். அதை உருவாக்கிய ஃபில் கட்ஸ் தன் இனிஷியலையே வைத்துவிட்டார்! இப்படிப் பாத்தி பாத்தியாகத் தேடி எடுக்கும் படங்களுக்குப் பழைய பெயர் கிடைக்காது. கிடைத்த பாத்தியின் எண்ணே பெயராகும், கிட்டத்தட்ட சர்வே நம்பர்.

இதைவிட மோசமான இடத்திலிருந்தும் தகவல் மீண்டிருக்கிறது. 2003 பிப்ரவரி 1 அன்று, கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் பயணித்த கொலம்பியா விண்கலம் பூமிக்குத் திரும்பும்போது சிதறியது. அதிலிருந்த ஒரு ஹார்ட் டிஸ்க் கருகி உருகிய நிலையில் அமெரிக்க மண்ணில் கிடைத்தது. தட்டுகள் தப்பியிருந்தன. அதிலிருந்த செனான் வாயு ஆய்வின் தகவலில் சுமார் 99 சதவீதம் மீட்கப்பட்டு, 2008-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது.

எல்லா டிஸ்கும் இப்படிக் கருணை காட்டாது. புதிய லேப்டாப்களில் இருக்கும் எஸ்.எஸ்.டி.யில் சுழலும் தட்டே இல்லை. எந்த இடம் காலியானது என்று தெரிந்துகொண்டு, ஓய்வு நேரத்தில் அதுவே துடைத்துவிடுவது அதன் வழக்கம். அங்கே அப்புச்சி சொன்னது பல நேரம் பலிக்காது.

உங்கள் வீட்டில் இப்படி நடந்தால் உடனே கம்ப்யூட்டரை நிறுத்துங்கள். அந்த டிஸ்கில் எதையும் புதிதாக எழுதாதீர்கள். மீட்கும் மென்பொருளைக்கூட அதில் இறக்க வேண்டாம். தெரிந்தவர்களிடம் சொல்லி, முழு டிஸ்கையும் வேறொன்றில் பாத்திக்குப் பாத்தி நகலெடுத்துவிட்டு, நகலில் தேடச் சொல்லுங்கள். டிஸ்கிலிருந்து 'டிக் டிக்' என்று சத்தம் வந்தால் மென்பொருள் பக்கமே போகாதீர்கள், அது வேறு வைத்தியம்.

என் படங்களில் பெரும்பாலானவை வந்துவிட்டன. அண்ணனுக்கு அக்கா செய்த இணைச்சீர்ச் சடங்கின் படம் மட்டும் பாதி. மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் அக்காவின் முகம் பளிச்சென்று இருக்கிறது, கழுத்துக்குக் கீழே ஒரே சாம்பல் நிறம். "என் பட்டுச்சேலை எங்கடா?" என்று அக்கா இன்றைக்கும் கேட்கிறாள். அந்தப் பாத்திகளில்தான் நான் ஏற்றிய பாட்டு இருக்கிறது.