இரண்டு ட்ரெய்லருக்கு நடுவே ஒரு பைக்: எண்ணூர் நெடுஞ்சாலையில் 'புகுந்து போவது' சட்டப்படி சரியா, தப்பா?

காசிமேட்டைத் தாண்டி எண்ணூர் விரைவுச் சாலையில் காலையில் பைக் ஓட்டுபவர்களுக்கு இந்தக் காட்சி பழகியிருக்கும். இடது ஓரத்தில் கன்டெய்னர் ஏற்றிய ட்ரெய்லர்கள் வரிசையாக நிற்கும். துறைமுகத்தின் ஜீரோ கேட்டில் ஏதாவது தாமதம் என்றால் அந்த வரிசை ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் பக்கம் வரை வால் நீட்டும். வலது பக்கத்தில் இன்னொரு ட்ரெய்லர் நகர்ந்துகொண்டிருக்கும். நடுவில் ஒரு சந்து. அதில்தான் மணலி, எண்ணூர் கம்பெனிகளுக்கு ஷிப்டுக்குப் போகிறவர்களும், மீன் பெட்டியைப் பின்னால் கட்டியவர்களும், பிள்ளையை ஸ்கூலில் விடப் போகிறவர்களும் ஓட்டுகிறார்கள்.

இதற்கு உலகம் முழுக்க ஒரு பெயர் இருக்கிறது: லேன் ஸ்ப்ளிட்டிங். இரண்டு லேன்களில் போகும் வண்டிகளுக்கு இடையே பைக் புகுந்து போவது. நின்றுவிட்ட வண்டிகளுக்கு இடையே மெதுவாக ஊர்ந்து முன்னால் போவதற்கு லேன் ஃபில்டரிங் என்று பெயர். நம் ஊரில் இரண்டுக்கும் சேர்த்து ஒரே பெயர், 'கேப்ல போறது'.

ஆனால் இது சட்டப்படி அனுமதிக்கப்பட்டதா?

சட்டத்தில் அந்தச் சொல்லே இல்லை

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்திலும், அதன் கீழ் 2017ல் வந்த வாகன ஓட்டுதல் விதிமுறைகளிலும் லேன் ஸ்ப்ளிட்டிங் என்று தனியாக எதுவும் கிடையாது. 'செய்யலாம்' என்றும் இல்லை, 'செய்யக் கூடாது' என்றும் இல்லை. அதனால் அது குற்றமில்லை என்று நினைத்துவிட வேண்டாம். வேறு விதிகள் சுற்றி வளைத்துப் பிடிக்கின்றன.

சாலையில் லேன் கோடு போட்டிருந்தால் அந்த லேனுக்குள் ஓட்ட வேண்டும். லேன் மாறுவதாக இருந்தால் இண்டிகேட்டர் போட்டு, பாதுகாப்பு என்று உறுதி செய்துகொண்டு மாற வேண்டும். முந்துவதை வலது பக்கமாகத்தான் செய்ய வேண்டும். இடது பக்கம் முந்துவதற்குச் சில விதிவிலக்குகள் மட்டுமே உண்டு. உதாரணமாக, முன்னால் போகும் வண்டி வலது பக்கம் திரும்பப் போவதாக சிக்னல் காட்டினால் இடது பக்கம் போகலாம். இவை எல்லாமே பைக்குக்கும் பொருந்தும். பைக் சின்னது என்பதால் அதற்கு லேன் கோடு கிடையாது என்று எந்த விதியும் சொல்லவில்லை.

ஓட்டுதல் விதிமுறைகளை மீறினால், 2019 திருத்தத்தில் சேர்க்கப்பட்ட பிரிவு 177ஏ படி 500 ரூபாய் முதல் 1,000 ரூபாய் வரை அபராதம். விஷயம் பெரிதானால் பிரிவு 184, அதாவது ஆபத்தான முறையில் ஓட்டுதல். சிவப்பு விளக்கைத் தாண்டுவது, எதிர்த்திசையில் வருவது ஆகியவற்றோடு 'சட்டத்துக்கு மாறாக முந்திச் செல்வது' என்பதையும் அந்தப் பிரிவு தெளிவாகவே எழுதி வைத்திருக்கிறது. முதல் முறை என்றால் 6 மாதம் முதல் 1 ஆண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

நடைமுறையில், 'கேப்ல போனதுக்காக' யாரையும் நிறுத்தி ஃபைன் போடுவதை இந்தப் பக்கம் பார்ப்பது அபூர்வம். ஹெல்மெட் இல்லை என்றால் பிடிப்பார்கள். அதனால் விதி இருக்கிறது என்பதே நிறைய பேருக்கு, விபத்து நடந்து கேஸ் கோர்ட்டுக்குப் போன பிறகுதான் தெரிய வருகிறது.

லேனுக்குள் ஓட்டச் சொன்னால், லேன் எங்கே?

சட்டம் மெதுவாகப் போகிற வண்டியை இடது பக்கம் போகச் சொல்கிறது. ஆனால் எண்ணூர் விரைவுச் சாலையில் அந்த இடது லேனில்தான் ட்ரெய்லர்கள் நிற்கின்றன. அதற்கும் இடது பக்கம் மண், ஜல்லி, தண்ணீர் தேங்கிய குழி. வலது லேனில் ட்ரெய்லருக்குப் பின்னாலேயே போகலாம் என்றால், அது எப்போது நகரும் என்று ஓட்டும் டிரைவருக்கே தெரியாது. ஆக, விதியை அப்படியே பின்பற்ற நினைக்கிற ஒருவர் ஷிப்டுக்கு நேரத்தில் போய்ச் சேர முடியாது. 'லேன் ஒழுங்கு இல்லை' என்று பைக்காரர்களை மட்டும் திட்டுவது சுலபம். அண்ணா சாலையில் அந்தத் திட்டு பொருந்தலாம், இங்கே அவ்வளவாகப் பொருந்தாது.

வழியை அடைத்துக்கொண்டு வண்டியை நிறுத்துவதும் குற்றம்தான். பிறருக்கு ஆபத்தோ இடைஞ்சலோ வரும்படி வண்டியைப் பொது இடத்தில் விடக் கூடாது என்கிறது பிரிவு 122. போக்குவரத்தைத் தடுத்து நிறுத்தியதற்கு பிரிவு 201 போடும் அபராதம் 500 ரூபாய் வரை. லட்சக்கணக்கில் சரக்கு ஏற்றிய வண்டிக்கு 500 ரூபாய்! அதையும் டிரைவர்தான் கட்ட வேண்டியிருக்கும். கேட் திறக்காததற்கு அவர் என்ன செய்வார்? மணிக்கணக்கில், சில சமயம் அதற்கும் மேல், கேபினிலேயே சாப்பிட்டு அங்கேயே தூங்குகிற ஆள் அவர்.

திருவொற்றியூர் நெடுஞ்சாலை வழியாக விம்கோ நகர் வரை 2021 பிப்ரவரியிலிருந்து மெட்ரோ ஓடுகிறது. அதில் போகலாமே என்று கேட்கலாம். மணலி தொழிற்சாலை வாசலுக்கோ, எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கோ மெட்ரோ போவதில்லை. நைட் ஷிப்ட் முடிந்து வருகிறவருக்கு பைக்தான் கதி.

இன்னொரு வேடிக்கை. 1948ல் தொடங்கிய அசோக் லேலண்டின் லாரி எண்ணூரில் வளர்ந்தது. 1955ல் தொடங்கிய என்ஃபீல்ட் இந்தியாவின் புல்லட் திருவொற்றியூரில் உருண்டு வந்தது. நாட்டுக்கே லாரியும் பைக்கும் செய்து கொடுத்த இந்தப் பகுதியில், இரண்டும் சேர்ந்து போக ஒரு சாலை இல்லை.

அந்த சந்தின் அகலம் எவ்வளவு?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நம் சாலைகளில் ஒரு லேனின் வழக்கமான அகலம் 3.5 மீட்டர். கன்டெய்னரின் அகலம் 2.44 மீட்டர், அதாவது 8 அடி. பக்கத்துப் பக்கத்து லேன்களில் இரண்டு ட்ரெய்லர்கள் சரியாக லேன் நடுவில் போனால், இடையில் மிஞ்சுவது ஒரு மீட்டர் சொச்சம். பைக்கின் ஹேண்டில்பார் முக்கால் மீட்டருக்குக் குறையாது. கண்ணாடியையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூடும். இரண்டு பக்கமும் ஒரு சாண்கூட மிச்சமில்லை. ட்ரெய்லர் ஒரு குழியைத் தவிர்க்க ஸ்டியரிங்கை லேசாக ஒடித்தாலே அந்த இடம் போய்விடும். மீன் பெட்டியோ சிலிண்டரோ கட்டியிருந்தால் கணக்கே வேண்டாம்.

காருக்கு இடையே புகுவதற்கும் ட்ரெய்லருக்கு இடையே புகுவதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. காரில் இருப்பவர் தலையைத் திருப்பினால் பைக் தெரியும். ட்ரெய்லர் டிரைவர் வலது பக்கம், உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார். கேபினின் இடது பக்கம் முன் சக்கரத்தை ஒட்டி இருக்கும் பைக்கை அவரால் பார்க்க முடியாது. பம்பருக்கு நேர் முன்னால் ஒட்டி நிற்கும் பைக்கும் அப்படித்தான். முன்பெல்லாம் இடது ஜன்னலில் கிளீனர் தலையை நீட்டி, "தம்பி, லெஃப்ட்ல வராத" என்று கத்துவார். இப்போது டிரைவர் மட்டுமே இருக்கும் வண்டிகள் நிறைய.

அடுத்தது திருப்பம். 40 அடி கன்டெய்னரின் நீளம் 12 மீட்டருக்கு மேல். அது இடது பக்கம் திரும்ப வேண்டுமானால், கேபின் முதலில் வலது பக்கம் கொஞ்சம் ஒதுங்கும். பின்னால் வரும் பைக்காரருக்கு, 'அண்ணன் வழி விடுறாரு' என்று தோன்றும். இடது பக்கம் திறந்த இடத்தில் வண்டியை விடுவார். முன் சக்கரம் போன பாதையில் பின் சக்கரம் போகாது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். சற்று முன் காலியாக இருந்த அந்த இடத்துக்குத்தான் பின் சக்கரங்கள் வந்து சேரும். எம்.எஃப்.எல். ரவுண்டானா மாதிரி இடங்களில் கவனிக்க வேண்டியது இதுதான்.

பக்கவாட்டில் சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் தடுப்புக் கம்பிகள் இதற்காகவே கட்டாயமாக்கப்பட்டவை. விழுந்தவர் சக்கரத்துக்கு அடியில் போகாமல் அவை தடுக்க வேண்டும். வளைந்து, ஒடிந்து, கயிறு கட்டித் தொங்கும் கம்பியால் அது முடியாது.

2022ல் நாடு முழுக்கச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 74,897 பேர், அதாவது கிட்டத்தட்ட 45 சதவீதம், இருசக்கர வாகனத்தில் போனவர்கள். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105. இவை மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு.

வெளிநாட்டில் என்ன செய்தார்கள்?

அமெரிக்காவின் கலிஃபோர்னியா 2016ல் ஒரு சட்டம் போட்டு லேன் ஸ்ப்ளிட்டிங்கை வரையறுத்தது. அதற்கு முந்தைய ஆண்டு பெர்க்லி பல்கலைக்கழகம், விபத்தில் சிக்கிய சுமார் 6,000 பைக்காரர்களின் விவரங்களை ஆராய்ந்தது. போக்குவரத்து மணிக்கு 80 கி.மீ.க்கு மேல் போகாமலும், பைக்கின் வேகம் சுற்றியுள்ள வண்டிகளைவிட 24 கி.மீ.க்கு மேல் கூடாமலும் இருந்தால் ஆபத்து ஒப்பீட்டளவில் குறைவு என்பது அதன் முடிவு. ஆபத்து புகுவதில் மட்டும் இல்லை, வேக வித்தியாசத்தில் இருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம். அதே கலிஃபோர்னியா போலீஸ் தரும் அறிவுரையில் ஒரு வரி வடசென்னைக்கே எழுதியது மாதிரி இருக்கிறது: பெரிய லாரி, பஸ் பக்கத்தில் புகுவதைத் தவிர்க்கப் பாருங்கள்.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் 2014 ஜூலையில் ஃபில்டரிங்கை மட்டும் அனுமதித்தது. வேகம் 30 கி.மீ.க்கு மேல் கூடாது, பள்ளி மண்டலத்தில் கூடாது, எல்எல்ஆர் வைத்திருப்பவர்கள் செய்யக் கூடாது. அமெரிக்காவின் யூட்டா 2019ல், நின்றுகொண்டிருக்கும் வண்டிகளுக்கு இடையே மட்டும் போகலாம் என்றது.

ஆனால் எண்ணூருக்கு இவற்றைவிட நெருக்கமான உதாரணம் மலேசியா. கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் போகும் ஃபெடரல் நெடுஞ்சாலையில் 1970களிலேயே மோட்டார் சைக்கிளுக்கென்று தனிப் பாதை போட்டார்கள். கிள்ளானிலும் பெரிய துறைமுகம், லாரிகள், ஷிப்டுக்கு பைக்கில் போகும் தொழிலாளர்கள். அவர்களில் தமிழர்களும் கணிசம். புகலாமா கூடாதா என்ற விவாதத்துக்குள் போகாமல், பைக்கையும் லாரியையும் பிரித்தே விட்டார்கள்.

இங்கே எண்ணூர்–மணலி சாலை மேம்பாட்டுத் திட்டம் பல ஆண்டுகள் இழுத்தடித்துத்தான் சாலையை அகலப்படுத்தியது. துறைமுகம்–மதுரவாயல் உயர்மட்டச் சாலைக்கு 2009ல் ஒரு முறையும் 2022 மே மாதம் இன்னொரு முறையும் அடிக்கல் நாட்டினார்கள். அது இரண்டடுக்காக வந்து, மேல் தளத்தில் துறைமுக லாரிகள் போனாலும், போவது கூவம் ஓரமாக மேற்குப் பக்கம். திருவொற்றியூர்க்காரருக்கு அதனால் நேரடியாகப் பாதை கிடைக்காது.

விபத்து நடந்தால் தப்பு யார் மேல்?

'பெரிய வண்டி மேலதான் கேஸ்' என்று சொல்வது வழக்கம். எஃப்.ஐ.ஆர். பெரும்பாலும் அப்படித்தான் பதிவாகும். உயிரிழப்பு என்றால், 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 106(1), 5 ஆண்டு வரை சிறை. ஆனால் இழப்பீடு கேட்டு மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போகும்போது கதை மாறும். 'பைக்காரர்தான் இடையில் புகுந்தார்' என்பதுதான் இன்ஷூரன்ஸ் கம்பெனி எடுக்கும் முதல் ஆயுதம். அதை ஏற்றால், அவர் பங்குக்கு இத்தனை சதவீதம் அலட்சியம் என்று தொகையில் கழித்துவிடுவார்கள். 20 லட்சம் வர வேண்டிய இடத்தில் 20 சதவீதம் என்றால் 4 லட்சம் போயிற்று.

கோவையில் 2017ல் நடந்த ஒரு விபத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் கொடுத்த தீர்ப்பு இதற்கு நல்ல உதாரணம். முன்னால் போன கார் திடீரென பிரேக் போட்டது. பின்னால் பைக்கில் வந்த கல்லூரி மாணவர் அதில் மோதி விழுந்தார். பின்னால் வந்த பஸ் ஏறியதில் அவர் காலை இழந்தார். எச்சரிக்கை இல்லாமல் நடுச்சாலையில் பிரேக் போடுவது அலட்சியம் என்று சொன்ன நீதிமன்றம், கார் டிரைவருக்கு 50 சதவீதம், பஸ் டிரைவருக்கு 30 சதவீதம் என்று பொறுப்பைப் பிரித்தது. மீதி 20 சதவீதம் மாணவர் மேல், போதிய இடைவெளி விடவில்லை என்பதற்காகவும், லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதற்காகவும். சென்னை உயர் நீதிமன்றம் அவர் பங்கை 30 சதவீதம் என்று வைத்திருந்தது. இந்தப் பத்து சதவீதத்துக்காக டெல்லி வரை போக வேண்டியிருந்தது.

ட்ரெய்லர் விபத்துகளில் இந்த சதவீதத்தை முடிவு செய்வது பெரும்பாலும் சின்னச் சின்ன விவரங்கள்தான். வண்டி லேனுக்குள் நின்றதா, ஓரத்திலா? பார்க்கிங் லைட் எரிந்ததா? பின்னால் ரிஃப்ளெக்டர் இருந்ததா? பக்கக் கம்பி முழுசாக இருந்ததா? கிரேன் வந்து வண்டியை நகர்த்திய பிறகு இவை எதையும் நிரூபிக்க முடியாது. அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, கூட இருப்பவர்களில் ஒருவர் வண்டி நிற்கும் நிலையை நாலு பக்கமும் போட்டோ எடுத்து வைத்தால் போதும். வண்டி நிற்காமல் போய்விட்டால், மரணத்துக்கு 2 லட்சம், படுகாயத்துக்கு 50,000 ரூபாய் அரசின் ஹிட் அண்ட் ரன் திட்டத்தில் கிடைக்கும். தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்கும் மனுவை, விபத்து நடந்த 6 மாதத்துக்குள் போட வேண்டும் என்கிறது 2019 திருத்தம்.